முத்துக்கை நீட்டிய கால்

போன வருஷம் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் நீங்கள் போயிருந்தால், ஆறுமுகநேரிக்குக் கொஞ்சம் முன்னால் நெரிசலில் மாட்டியிருப்பீர்கள். விபத்தோ என்று எட்டிப் பார்த்திருப்பீர்கள். விபத்துதான். ஆனால் வண்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அங்கே ஒரு பழைய உப்புக் கிட்டங்கி இருந்தது. உப்பு காலியாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. அதற்குள்ளேதான் முத்துக்கை ஐயா எழுந்தருளியிருந்தார். எட்டயபுரத்திலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். காயல்பட்டினத்திலிருந்து ஆட்டோவில் வந்தார்கள். மூன்று மதத்துக்காரர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். மத நல்லிணக்கத்துக்கு அரசாங்கம் என்னென்னவோ செய்கிறது. ஏமாறுவதற்கு ஓர் இடம் கொடுத்தால் போதும், தானாக நடந்துவிடுகிறது.

ஐயாவின் வரலாறு தட்டியில் எழுதியிருந்தது. இளவயதில் சங்கு குளிக்கக் கடலில் மூழ்கியபோது ஒரு சிப்பி வாய் திறந்ததாம். உள்ளிருந்த முத்து துள்ளி அவர் வலது உள்ளங்கைக்குள் புகுந்துகொண்டதாம். அன்றிலிருந்து அந்தக் கை பட்டால் குட்டைக் கால் நீளும், கோணல் கால் நிமிரும். ஆதாரம் வேண்டுமா? உள்ளங்கையில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு மேடு. தொட்டுப் பார்க்கலாம், தொட்டதும் உண்டியலைப் பார்க்க வேண்டும். 'அறிவியலால் விளக்க முடியாத அதிசயம்' என்று கீழே சிவப்பு எழுத்தில் இருந்தது. அறிவியலிடம் யாரும் போய்க் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

இந்தக் கூட்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம். செய்யத்தான் போகிறேன். டோக்கன் நூற்று நாற்பத்து மூன்றோடு நின்றவனிடமிருந்து தொடங்குகிறேன். பெயர் செந்தில்முருகன். வயது முப்பத்து நான்கு. இயற்பியல் பட்டதாரி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யார் எதை அனுப்பினாலும் 'ஆதாரம் எங்கே?' என்று கேட்டு, இரண்டு முறை குழுவிலிருந்து நீக்கப்பட்ட வீரன். தோளில் இரண்டு மாதப் பெண் குழந்தை. அந்த மகானுபாவன் நான்தான்.

எங்களுக்கு முதல் குழந்தை நிறைமதி. வயிற்றுக்குள் கடைசிவரை தலை மேலாக, உட்கார்ந்த வாக்கிலேயே இருந்தாள். திரும்பவே இல்லை. நீர் வேறு குறைவு என்று ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பிறந்த அன்று கால்கள் இரண்டும் காதுவரை மடங்கிக் கிடந்தன. போகப்போகக் கால் இறங்கியது. ஆனால் கழுத்து வலப்பக்கமே சரிந்திருந்தது. இடது பாதத்தின் முன்பகுதி உள்ளே வளைந்திருந்தது.

பார்க்க வந்த உறவினர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கழுத்துக்குக் கண்ணேறு. பாதத்துக்குக் கிரகணம். நான் எல்லோரையும் பார்த்து ஏளனமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே என்னை ஓர் அறை விடத் தோன்றுகிறது.

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போனபோது சுகாதார நிலையத்து நர்ஸ் இசக்கித்தாய் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையின் கழுத்தையே பார்த்தார். பிறகு அவளை மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு முழங்காலையும் மடக்கினார். ஒரு முட்டி உயரமாக இருந்தது, இன்னொன்று தாழ்ந்திருந்தது. தொடைகளை மெல்ல விரித்தார். வலது தொடை மேசையைத் தொட்டது. இடது பாதி வழியிலேயே நின்றது.

"சார், பிள்ளை வயித்துக்குள்ள தல கீழயா இருந்துச்சா, மேலயா?"

"மேலதான் சிஸ்டர். அதனாலதான் ஆபரேஷன்."

"மொதப் பிள்ளை. பொட்டப்பிள்ளை. தல மேல. கழுத்துச் சரிவு. பாதம் வளைவு. இவ்வளவும் ஒண்ணா இருக்குல்லா? அப்ப இடுப்ப ஸ்கேன் எடுத்தே ஆவணும். இடுப்புக் கிண்ணத்துல தொடையெலும்போட பந்து சரியா உக்காரலன்னு நெனைக்கேன். இந்த வாரமே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. சின்னதுலயே பாத்துட்டா, கால விரிச்சு வைக்கிற ஒரு பெல்ட்டுல சரியாயிரும்."

என் மனைவி முத்துச்செல்வி உடனே கேட்டாள். "திங்கக்கெழமையே போவலாமாங்க?"

"போவலாம் ஏளா. மொதல்ல என்னன்னு நான் படிக்கேன்" என்றேன்.

படித்தேன். அதாவது செல்போனில் இரண்டு படம் பார்த்தேன். முதல் படத்தில் ஒரு குழந்தை தோளிலிருந்து பாதம்வரை வார்களால் கட்டப்பட்டுத் தவளைபோல் காலை விரித்துக் கிடந்தது. இரண்டாவது படத்தில் நெஞ்சிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு. அதற்கு மேல் பார்க்க எனக்குத் தெம்பில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன். இதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் 'ஆழ்ந்து யோசிக்கிறேன்' என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். பயத்துக்குப் படித்தவன் வைக்கும் பெயர் அது.

போனுக்கு நம் பயம் தெரிந்துவிடுகிறது. மறுநாள் அதுவாகவே ஒரு வீடியோவைக் கொண்டுவந்து நீட்டியது. பெல்ட் இல்லை, கத்தி இல்லை, கட்டு இல்லை. ஒரே தடவல். கால் நீண்டுவிட்டது. நான்கு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். நான்கு லட்சம் பேருமா முட்டாள் என்று எனக்குள்ளிருந்த இயற்பியல் பட்டதாரி கேட்டான். ஆதாரம் எங்கே என்று அவன் கேட்கவே இல்லை.

அப்படித்தான் டோக்கன் நூற்று நாற்பத்து மூன்று.

மேடையில் ஒரு நீளப் பலகை. குறுக்கே கோடு கோடாக வெள்ளைச் சாயம். அதன் பின்னால் முத்துக்கை ஐயா நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் பாசிமணி அளவுக்கு முத்துமாலை. காதில் மாட்டிய மைக். நிறைமதியைப் பலகையில் கிடத்தச் சொன்னார். இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்தார்.

"பாருங்க ஜனங்களே! எடது கால் முக்கால் அங்குலம் குட்டை!"

உண்மைதான், குட்டையாகத்தான் இருந்தது. கூட்டம் உச்சுக் கொட்டியது.

"கழுத்துல கடல்காத்து அடிச்சிருக்கு. பாதத்துல மண்தோஷம். இடுப்புல பரம்பரைச் சாபம். மூணும் வேற வேற நோவு. மூணுக்கும் மூணு தைலம்."

மூன்று புட்டிகள் கைமாறின. பிறகு ஐயா வலது உள்ளங்கையால் குழந்தையின் இடுப்பிலிருந்து கீழே தடவினார். கண்ணை மூடினார். உதடு அசைந்தது. மறுபடி குதிகால்களைச் சேர்த்துக் காட்டினார். இரண்டும் ஒரே கோட்டில் நின்றன. நீண்டுவிட்டது!

என் கண்ணில் தண்ணீர் வந்தது. அதையும் ஒருவன் படம் பிடித்தான். அடுத்த வாரம் அவர்களுடைய சேனலில் 'படித்தவரே கண்ணீர் விட்டார்' என்ற தலைப்பில் நான் வந்தேன். தலைப்பில் பாதி மட்டும்தான் உண்மை. கண்ணீர்.

ஐயா இரண்டு கட்டளைகள் போட்டார். ஒன்று, குழந்தையின் இரண்டு காலையும் நேராகச் சேர்த்து வைத்து, துணியால் இறுக்கிச் சுற்றி நாற்பத்தொரு நாள் வைக்க வேண்டும்.

இரண்டாவதை என் காதருகே குனிந்து சொன்னார். "ஸ்கேன் கீன் எடுத்துராதிய. கதிர் பட்டா முத்தோட சக்தி கலஞ்சிரும்."

அந்த ஸ்கேனில் கதிர் எதுவும் கிடையாது. வெறும் ஒலி. மீயொலியைப் பற்றி இறுதியாண்டுத் தேர்வில் பத்து மதிப்பெண் கேள்விக்கு எட்டு மதிப்பெண் வாங்கியவன் நான். "சரிங்க ஐயா" என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வரும் வழியில் முத்துச்செல்வி கேட்டாள். "என்னங்க, சிஸ்டர் கால விரிச்சு வைக்கணும்ங்கிற மாதிரில்லா பேசினாவ. இவரு சேத்துக் கட்டச் சொல்லுதாரு?"

"அவங்க நர்ஸுதான ஏளா" என்றேன்.

இந்த மூன்று சொல்லுக்காக நான் இன்றும் வெட்கப்படுகிறேன். இருபது வருஷமாகப் பிறந்த குழந்தைகளின் இடுப்பைத் தொட்டுப் பார்த்த பெண் எனக்கு 'நர்ஸுதான'. ஒரு கட்டியைக் காட்டிய ஆள் எனக்கு ஐயா.

அடுத்த தடுப்பூசிக்கு நான் மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனபோது இசக்கித்தாய் முதல் கேள்வியாக ஸ்கேனைப் பற்றிக் கேட்டார். "எடுத்தாச்சு சிஸ்டர், நார்மல்" என்றேன். பொய் சொல்லும்போது என் குரல் நடுங்கவே இல்லை. அதற்கடுத்த ஊசிக்கு 'ரிப்போர்ட் கொண்டாங்க' என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அதனால் அந்த ஊசியை வேறொரு தனியார் கிளினிக்கில் போட்டுக்கொண்டேன். எவ்வளவு தந்திரம் பாருங்கள். இந்த மூளையில் கால்வாசியை முத்துக்கையிடம் செலவழித்திருந்தால் போதும்.

ஒவ்வொரு ஞாயிறும் போனோம். ஒவ்வொரு ஞாயிறும் இடது கால் முக்கால் அங்குலம் குட்டையாக இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் நீண்டது.

"வாராவாரம் நீளுதுல்லா, பின்ன ஏன் அடுத்த வாரம் மறுபடியும் குட்டையாவுது?" என்று முத்துச்செல்வி கேட்டாள்.

"சக்தி உள்ள எறங்க நேரம் ஆவும்."

முத்துக்கைகூட அப்படிச் சொல்லவில்லை. அவருக்கு வக்கீலாக நானே உட்கார்ந்து வாதாடினேன். நாற்பத்தொரு நாள் முடிந்ததும் இன்னொரு நாற்பத்தொன்று கட்டச் சொன்னார், அது முடிந்ததும் இன்னொன்று; கட்டிக்கொண்டே இருந்தேன். துணி சுற்றும்போதெல்லாம் குழந்தை உதட்டைப் பிதுக்கி அழும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுற்றுவேன்.

ஏழாம் மாதம் நிறைமதி உட்காரத் தொடங்கினாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். குளிப்பாட்டும்போது இடது தொடையில் கூடுதலாக ஒரு மடிப்பு இருப்பதை முத்துச்செல்வி பார்த்தாள். அன்று நான் வேலையில் இருந்தேன். அவள் என்னைக் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து நேரே இசக்கித்தாயிடம் போனாள்.

"நார்மல்னு சார் சொன்னாரே?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

முத்துச்செல்விக்கு அப்போதுதான் தெரிந்தது, ஒரு ஸ்கேன் எடுக்கப்பட்டதாக நான் அவரிடம் சொல்லியிருக்கிறேன் என்று.

எனக்குப் போன் வந்தபோது நான் நிலக்கரிக் கப்பல் ஒன்றின் பக்கத்தில் படகில் நின்றுகொண்டிருந்தேன். துறைமுகத்தில் சர்வேயர் வேலை எனக்கு. கப்பல் தண்ணீரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை அதன் உடம்பில் எழுதியிருக்கும் எண்களைப் பார்த்துக் குறித்து, உள்ளே எத்தனை டன் சரக்கு என்று கணக்கிட வேண்டும்.

"பெரியாஸ்பத்திரிக்கு வாங்க" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

எலும்பு மருத்துவர் ஒரு பெண். எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினார். வலப்பக்கம் கிண்ணத்துக்குள் பந்து இருந்தது. இடப்பக்கம் கிண்ணம் தட்டையாக இருந்தது, பந்து அதைவிட்டு மேலே ஏறி வெளியே நின்றது. பார்க்க இயற்பியல் பட்டம் தேவையில்லை.

"கழுத்து, பாதம், இடுப்பு மூணும் தனித்தனி நோய்னு நினைக்காதீங்க" என்றார். "வயித்துக்குள்ள இடம் நெருக்கடி. தண்ணி குறைவு. பிள்ளை உக்காந்தபடியே அமுங்கி இருந்திருக்கு. அந்த அமுக்கத்துல கழுத்துத் தசை சுருங்கலாம், பாதம் வளையலாம், இடுப்பு கிண்ணத்துல சரியா உக்காராமப் போகலாம். ஒண்ணு இருந்தா மத்ததையும் தேடணும். எல்லாப் பிள்ளைக்கும் இருக்காது. ஆனா தேடிப் பாக்காம விடக்கூடாது. கழுத்துக்குப் பயிற்சி போதும். பாதம் தானாவே நிமிரும். இடுப்பு மட்டும் காத்திருக்காது." பிறகு குழந்தையின் தொடையில் துணி பதிந்த தடத்தைத் தொட்டார். "காலைச் சேத்து இறுக்கிக் கட்டினது யாரு? அது பந்தை இன்னும் வெளிய தள்ளும்."

முத்துச்செல்வி குனிந்து குழந்தையின் சட்டையைச் சரிசெய்தாள். அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான்தான், டாக்டர்" என்றேன்.

"மூணு மாசத்துக்குள்ள வந்திருந்தா அநேகமா பெல்ட்டே போதும். இப்ப மயக்கம் குடுத்து, பந்தை உள்ள வச்சு, நெஞ்சுலேர்ந்து கால்வரைக்கும் மாவுக்கட்டு போடணும். மூணு மாசம்."

எந்தப் படத்துக்குப் பயந்து போனைக் கவிழ்த்தேனோ, அந்தப் படத்தை என் மகளுக்கு நானே வாங்கிக் கொடுத்திருந்தேன். வெளியே வந்ததும் முத்துச்செல்வி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"படிச்சவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

மறுநாள் துறைமுக அலுவலகத்தில் மாடக்கண்ணுவிடம் சொன்னேன். மாடக்கண்ணு என்னோடு வேலை பார்ப்பவன். இறங்கும் சரக்கை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க். எட்டு வருஷத்துக்கு முன்னால் கிரேனில் கம்பிக்கயிறு அறுந்து மரக்கட்டை விழுந்ததில் அவனுக்கு இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் போட்டிருக்கிறான். 'சொந்தக் காலவிட இது தேவல, கொசு கடிக்காது' என்பான்.

முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவன் டாலி நோட்டை மூடி வைத்தான். பிறகு சொன்னான்.

"ஏலே செந்திலு, நீ படிச்சவனா, இல்ல படிச்ச மாதிரி நடிச்சவனா?"

"திட்டுலே. நல்லாத் திட்டு."

"திட்டி என்னத்துக்கு? அந்த ஆளு ஒரு காலப் புடிச்சுப் பாத்தா எலும்பு, சதை எல்லாம் தெரியுமோ?"

"தெரியும்னுதான் சொல்லுதான்."

"பெரியாளுவளுக்கும் நீட்டுதானா?"

"நீட்டுதான். ஷூவைக் கழட்டச் சொல்ல மாட்டான். ஷூவோட குதியப் புடிச்சுத்தான் இழுப்பான். மேலால ஒரு சாண் தள்ளிக் கையக் காட்டுவான்."

மாடக்கண்ணு தன் பேண்ட்டைக் கீழே இழுத்துவிட்டு, சாக்ஸைச் சரி செய்தான். "அப்ப ஞாயித்துக்கெழம நான் வாரேன். எனக்கு ரொம்ப நாளா இடுப்பு வலி" என்றான்.

கிட்டங்கியில் அன்று வழக்கத்தைவிடக் கூட்டம். எங்களுக்கு முன்னால் ராஹிலா நின்றாள். காயல்பட்டினத்துப் பெண், வாராவாரம் பார்த்துப் பழக்கம். கணவர் துபாயில். மகன் இஹ்ஸானுக்கு நான்கு வயது, சாய்ந்து சாய்ந்து நடப்பான். "இன்னிக்கு பன்னெண்டாவது வாரம் அண்ணே" என்றாள் என்னிடம். நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். மாடக்கண்ணு என் காலை மிதித்தான். செயற்கைக் காலால் மிதித்தாலும் வலிக்கத்தான் செய்கிறது.

அவன் முறை வந்தது. மேடையில் ஏறும்போது வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாகக் கெந்தினான். முத்துக்கை ஐயாவின் கண்கள் மின்னின. படுக்கவைத்தார். இரண்டு ஷூக்களையும் குதியில் பிடித்தார்.

"பாருங்க ஜனங்களே! எடது கால் ஒரு அங்குலம் குட்டை. பிறவிக் குறை. தாய் வயித்துலயே வந்தது!"

"பிறவியிலயா ஐயா?" என்றான் மாடக்கண்ணு, மைக்கில் விழும்படி.

"பிறவியிலதான். நரம்பு சுருண்டு கெடக்கு. எனக்குத் தெரியுது."

உள்ளங்கை காற்றில் இறங்கியது. உதடு அசைந்தது. ஷூக்கள் ஒரே கோட்டுக்கு வந்தன. கூட்டம் கைதட்டியது.

"நீண்டிருச்சா ஐயா?"

"நீண்டிருச்சி."

"எலும்பா நீண்டுச்சு?"

"எலும்பு, நரம்பு, சதை, எல்லாம். ரத்தம் பாயுது. பாதத்துல சூடு தெரியுதா?"

"தெரியுதே ஐயா! கொதிக்கே!"

மாடக்கண்ணு எழுந்து உட்கார்ந்தான். பேண்ட்டை முட்டிவரை சுருட்டினான். ஏதோ ஒரு கொக்கியை அழுத்தினான். ஷூ, சாக்ஸோடு அந்தக் காலைக் கழற்றி, இரண்டு கைகளாலும் பிடித்து, ஐயாவின் முத்துக்கையிலேயே வைத்தான்.

"இதுல எங்கன ரத்தம் பாயுதுன்னு காட்டுங்க."

முன்வரிசை எழுந்து எட்டிப் பார்த்தது. பிறகு சிரிப்பு கிளம்பியது. நான் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஐயாவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அவர் காலைக் கீழே போடவில்லை. உயரத் தூக்கிப் பிடித்தார். "பாத்தீகளா! உயிரில்லாத காலையே முத்து நீட்டியிருக்கு!" என்றார்.

நம்புங்கள், பின்வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள். ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பிளாஸ்டிக்கையே வளத்துட்டாரே!" என்றார். நான் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. 'சக்தி உள்ள எறங்க நேரம் ஆவும்' என்று சொன்னவனுக்குச் சிரிக்க என்ன தகுதி?

மேடையில் ஏறினேன். பேசிப் பழக்கமில்லை.

"நான் கப்பல அளக்கவன்" என்றேன். "கப்பல் ஒரு பக்கம் சாஞ்சு நின்னா, அந்தப் பக்கம் தண்ணி மேல ஏறித் தெரியும். மறுபக்கம் எறங்கித் தெரியும். அதுக்காகக் கப்பலோட ஒரு பக்கம் வளந்துட்டுன்னு நாங்க எழுதுறதில்ல. ரெண்டு பக்கமும் பாத்து, சாய்வக் கழிச்சிட்டுத்தான் எழுதுவோம். பத்து வருஷமா இதுதான் என் சோறு. எம் பிள்ளையோட இடுப்ப இவரு இதே பலகைல சாச்சாரு. இடுப்பு சாஞ்சா கால் எறங்கும். எறங்குனதப் பாத்து, வளந்துட்டுன்னு நான் அழுதேன். ஏழாயிரம் டன் கப்பல்ல ஏமாறாதவன் அஞ்சு கிலோ பிள்ளைகிட்ட ஏமாந்தேன்."

"சாபத்தக் கொண்டுட்டு வந்திருக்கான், இவன வெளிய தள்ளுங்க!" என்று ஐயா கத்தினார்.

அப்போது ராஹிலா மேடையில் ஏறினாள். யாரையும் பார்க்கவில்லை. இஹ்ஸானைப் பலகையில் படுக்கவைத்தாள். அவன் இடுப்பெலும்பின் இரண்டு பக்கத்தையும் தன் இரண்டு கைகளால் அழுத்திப் பிடித்தாள்.

"புடிச்சிக்கிட்டேன். இப்ப நீட்டுங்க."

"அங்கன கை வைக்கக் கூடாது. சக்தி தடைபடும்."

"பிளாஸ்டிக்குல பாயுற சக்தி, எங் கையில தடைபடுமா?"

ஐயா இழுத்தார். குட்டைக்கால் குட்டையாகவே நின்றது. இன்னும் இழுத்தார். இஹ்ஸான் "உம்மா, வலிக்குது" என்றான். ராஹிலா அவர் கையைத் தட்டிவிட்டாள். பிறகு அவளே மகனின் இடுப்பை மெல்ல ஒரு பக்கம் சாய்த்தாள். கால் ஒரே கோட்டுக்கு வந்தது. நேராக்கினாள். குட்டையானது. மறுபடி சாய்த்தாள், நீண்டது. நேராக்கினாள், குட்டையானது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"எனக்கும் முத்துக்கைதான் போல" என்றாள். சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டாள். "பன்னெண்டு வாரம் அண்ணே."

அதன்பின் ஐயா அதிக நேரம் அங்கே இல்லை. பின்கதவு இருந்தது, கார் இருந்தது. ஓடும்போது அவருடைய இரண்டு கால்களும் ஒரே நீளத்தில்தான் இருந்தன. மாடக்கண்ணு ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டே, "ஏலே, எங் காலக் குடுத்துட்டுப் போலே!" என்று கத்தினான். கால் பலகைக்கு அடியில் கிடந்தது. இரண்டு வாரம் கழித்து அதிகாரிகள் வந்து கிட்டங்கிக்குப் பூட்டுப் போட்டார்கள். அந்த வீடியோவைப் பார்த்த எங்கள் மருத்துவர் உள்ளங்கை மேடு தெரிந்த இடத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "கொழுப்புக் கட்டி. பத்து நிமிஷத்துல எடுத்துடலாம்" என்றார்.

நிறைமதியை மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோன காலையில் நானும் முத்துச்செல்வியும் ஒரே பெஞ்சில் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தோம். கட்டோடு வெளியே கொண்டுவந்தார்கள். நெஞ்சுக்குக் கீழே ஒரு வெள்ளைச் சிலை, மேலே என் மகள். கண் விழித்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது.

மூன்று மாதம் அந்தக் கட்டோடு தூக்கினேன், துடைத்தேன், திருப்பிப் படுக்கவைத்தேன். முத்துச்செல்வி என்னோடு பேசத் தொடங்கியது இரண்டாவது மாதத்தில். முதல் பேச்சு, "மெதுவாப் பிடிங்க" என்பது. கட்டைப் பிரித்த பிறகு இன்னும் சில மாதம் கவசம் போட்டிருந்தாள். கழுத்து பயிற்சியில் நேரானது. பாதம் மருத்துவர் சொன்னபடியே தானாக நிமிர்ந்தது. ஒன்றே முக்கால் வயதில் சுவரை விட்டுவிட்டு நான்கு எட்டு வைத்தாள். ஆண்டுக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். வளர்ந்து முடிக்கும்வரை பார்க்க வேண்டும். இஹ்ஸானுக்கும் இடுப்புதான்; மாவுக்கட்டுக்கு வயது கடந்துவிட்டது, பெரிய அறுவை சிகிச்சை செய்தார்கள். இப்போது பள்ளிக்கூடம் போகிறான். கொஞ்சம் சாய்வு இருக்கிறது.

மாடக்கண்ணுவின் கால் கழன்ற வீடியோவை நான் இணையத்தில் போட்டேன். நாலாயிரம் பேர் பார்த்தார்கள். கால் நீண்ட வீடியோவுக்கு நான்கு லட்சம், கால் கழன்ற வீடியோவுக்கு நாலாயிரம். நம் நாட்டு விகிதம் அது. கீழே கருத்து எழுதியவர்களில் பதினோரு பேர் 'ஐயாவின் புது முகவரி கிடைக்குமா?' என்று கேட்டிருந்தார்கள்.

போன வாரம் ஒருவர் போனிலேயே கூப்பிட்டுவிட்டார். பக்கத்து மாவட்டம். பேச்சைப் பார்த்தால் நன்றாகப் படித்தவர்.

"சார், அந்த வீடியோவுல இருக்க ஐயா நம்பர் வேணும். பிள்ளைக்குக் கழுத்து ஒரு பக்கம் சரிஞ்சிருக்கு."

"வீடியோவ முழுசாப் பாத்தீங்களா?"

"மொதப் பாதி பாத்தேன் சார்."

"பிள்ளைக்கு எத்தன மாசம்?"

"ரெண்டு."

"எழுதிக்கோங்க" என்றேன். மாவட்ட ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னேன். குழந்தைகளுக்கு எலும்பு பார்க்கும் கிழமையைச் சொன்னேன். "கழுத்தோட சேத்து இடுப்பையும் பாக்கச் சொல்லுங்க. காலச் சேத்துக் கட்டாதீங்க. நாளைக்கே கெளம்புங்க."

"கெளம்புறேன் சார். போகும்போது வேற என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?"

"பிள்ளையோட பிறந்த சீட்டு, ஊசி போட்ட அட்டை" என்றேன். "அப்புறம் உங்க மூளை. நான் மொதத் தடவ போனப்ப எல்லாத்தையும் மறக்காம எடுத்துக்கிட்டுப் போனேன். அத மட்டும் வீட்டுல வச்சிட்டுப் போயிட்டேன்."